டோக்கன் முப்பத்தொன்று

தேவகோட்டை பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
ஸ்கேன் சென்டரில் தட்டச்சு என் வேலை.
எட்டரைக்குக் கணினியைத் திறந்தால்
விரல் முதலில் அடிப்பது
டயக்னோசிஸ்.
நாளைக்கு நாற்பது தடவை.

அந்தச் சொல்லின் பின்பாதியோடு
எனக்கொரு பழைய வழக்கு உண்டு.

மதுரைக் குருமடத்தில் மூன்றாம் வருடம் கிரேக்கம்.
க்னோசிஸ்: அறிதல்.
மெழுகு மணக்கும் வகுப்பில் எழுதிக்கொண்டபோது
வானத்திலிருந்து இறங்கிய சொல் என்று நினைத்தேன்.
அகராதியோ அதை
ஏதென்ஸ் நீதிமன்றத்தில் நிறுத்தியிருந்தது.
விசாரித்து முடிவு சொல்வதற்கு அது பெயர்.
கூட்டத்தில் எதிரே வருகிறவனை
'அட, நீயா' என்று கண்டுகொள்வதற்கும் அதுவே.
பிற்பாடுதான் சிலர் அதைத் தூக்கிப்போய்
கதவடைத்து, தணிந்த குரலில்,
இது தெரிந்தவனுக்கே மீட்பு என்றார்கள்.
சபை அவர்களைத் தள்ளிவைத்தது.

என்னை யாரும் தள்ளிவைக்கவில்லை.
ஒரு வியாழக்கிழமை
நானேதான் தகரப்பெட்டியோடு பஸ் ஏறினேன்.

பிறந்த எட்டாம் நாள் எனக்கு ஞானஸ்நானம்.
அந்த 'ஞா'வும் இந்த 'க்னோ'வும்
ஒரு வயிற்றுப் பிள்ளைகளாம்.
ஞாபகமும் அதே வீட்டுப் பெண்தானாம்.
எனக்கு வாய்த்தது என்னவோ
குளியல் மட்டும்.

நேற்று டோக்கன் முப்பத்தொன்று, புதுவயல் உமையாள்.
தனியாக வந்திருந்தார்.
'அவுகளுக்கு மில்லுல கணக்கு முடிக்கணும்.'

படத்தை நான் முன்னமே பார்த்துவிட்டேன்.
கணையத்தின் தலையில்
இலந்தைப்பழ அளவுக்கு ஒரு நிழல்.
உறையை நீட்டினேன்.
கண்ணை நீட்டவில்லை.

அவர் பிரிக்கவில்லை.
உறையின் மேல் அச்சடித்திருந்த சொல்லில் விரல் வைத்து
எழுத்துக்கூட்டிப் படித்தார்.
'இதுக்கு என்ன அர்த்தம் தம்பி?'

ஆறு வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை.
நெஞ்சு ஒருகணம் குருமடத்துக்குப் போய் வந்தது.
'கிரேக்கச் சொல் ஆச்சி.
முன்பாதி, ஊடே பிரிக்கிறது.
மிச்சம், அறிகிறது.'

'பிரிச்சு அறியறதா?
முறத்துல போட்டுக் கல்லு பாக்குற மாதிரி.'

'ஆமாம்.'

'கல்லு இருக்கா?'

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
டாக்டர்தான் சொல்லணும் என்றேன்.
அதுதான் விதி; சுவரிலும் ஒட்டியிருக்கிறது.

அவர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.
'பங்குனியிலேர்ந்து அவுக மல்லாந்து படுக்கலை.
காபியைக் கொல்லையில ஊத்திட்டுக்
குடிச்சேங்கிறாக.
நானும் டம்ளரைக் கழுவி வச்சிடுறேன்.'

கிரேக்கனுக்கு இரண்டு வினைகள்.
ஓய்தா: கண்டுவிட்டேன், ஆகவே தெரியும்.
கிக்னோஸ்கோ: பழகப் பழக அறிந்துவருகிறேன்.
தமிழனும் லேசுப்பட்டவன் இல்லை.
தெரிவது கண்ணுக்கு.
அறிவது எதற்கு என்று
அவனும் எழுதிவைக்கவில்லை.
எனக்குத் தெரிந்து அரைமணி நேரம்.
அவர் அறிந்து ஐந்து மாதம்,
பக்கத்துப் பாயில்.

மிச்சம் இருபது ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டார்.
படியிறங்கும்போது திரும்பி,
'அவுக கேட்டா
இன்னும் ரிப்போர்ட் வரலைன்னு சொல்லுங்க' என்றார்.

ஆறு மணிக்கு போன்.
பின்னால் அரவை மெஷின் சத்தம்,
அதை மீறிக் கத்துகிற குரல்.
'புதுவயல் சாத்தப்பன் பேசறேன்.
வீட்டுல வந்து கேட்டா
இன்னும் ரிப்போர்ட் வரலைன்னு சொல்லுங்க.'

சரி என்றேன்.

ஷட்டரை இறக்கிப் பூட்டும்போது எண்ணிப் பார்த்தேன்.
எங்கள் சபையில் இப்போது
மூன்று பேர்.